வாண்டுகளோடு வெனிஸ் போகலாமா?

கேள்வி: 3 மார்ச் 2025

ஈஸ்டர் விடுமுறையில் வெனிஸ் போகலாம் என்று இருக்கிறோம். பையனுக்கு ஐந்து வயசு, பெண்ணுக்கு இரண்டு முடியப் போகிறது. விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பாட்டுதான்: "அது ஜோடியாகப் போகிற ஊர். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பாலம் பாலமாகச் சுமந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்." உண்மையா? பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போடலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச் 2025, இரவு

தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போதுதான் வெனிசுக்கு ஏற்ற வயசு. தேன்நிலவுக்குப் போகிறவர்களுக்குத்தான் இரண்டாம் நாளே அங்கே பொழுது போகாது.

ரோமோ ப்ராகோ, பழைய ஊர் எதுவானாலும் பிள்ளையின் கையைப் பிடித்த பிடி விடாமல் நடக்க வேண்டும். சந்து திரும்பினால் ஸ்கூட்டர் வரும். வெனிசில் கார் இல்லை, பைக் இல்லை, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. பஸ்ஸும் காரும் ஊர் முகப்பில் பியாத்சாலே ரோமா என்கிற சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்புறம் எல்லாமே படகுதான். ஆம்புலன்ஸ் படகு, போலீஸ் படகு, கூரியர் படகு, சிமென்ட் மூட்டைப் படகு, வீடு மாற்றுகிறவர்களின் பீரோவும் மெத்தையும் ஏற்றிய படகு. காலையில் குப்பை வண்டிகளைக் கையால் தள்ளிக்கொண்டு வருவார்கள். கரையில் நிற்கும் படகிலிருந்து கிரேன் நீண்டு அந்த வண்டியை அப்படியே தூக்கிக் கவிழ்த்துக்கொள்ளும். என் மகன் ஓட்டலில் காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடியது அதற்காகத்தான்.

கா ஃபோஸ்காரி பல்கலைக்கழகம் பக்கத்துக் கால்வாயில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. வளைவுகளுக்கு அடியில் சிவப்புப் படகுகள் வரிசையாக நிற்கும். எதிரே கரையில் உட்கார்ந்து பார்க்கலாம், காசு இல்லை. ஆம்புலன்ஸ் படகு பார்க்க வேண்டுமானால் வடகரையில் ஃபொண்டமெந்தே நோவே போங்கள். பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான்.

4 மார்ச் 2025

தள்ளுவண்டி பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். கொண்டு போகாதீர்கள். நானூற்றுக்கு மேல் பாலம், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் படி. இரண்டு வயசுப் பெண்ணை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்கிற பை ஒன்று போதும்.

4 மார்ச் 2025, கொஞ்ச நேரம் கழித்து

"தூக்க முடியாது, இடுப்பு வலி" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். என் அம்மா திருச்சியிலிருந்து எங்களோடு வந்திருந்தார். அவருக்கு மூட்டுவலி. அவருக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் ஒரே வைத்தியம்தான்: பாலத்தை நம்பாமல் படகை நம்புவது. வாபொரெட்டோ என்கிற படகுப் பேருந்து ஊரைச் சுற்றிலும் ஓடுகிறது. போக வேண்டிய இடத்துக்கு எந்த நிறுத்தம் பக்கம் என்று பார்த்து இறங்கினால், நடுவில் இரண்டு மூன்று பாலத்தோடு போயிற்று. தெற்குக் கரையில் சாத்தெரே நீண்ட நேரான நடைபாதை, வண்டி நன்றாக ஓடும். லிடோ தீவும் அப்படித்தான். ஆக, வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கையால் மடித்துத் தோளில் மாட்டுகிற லேசான வண்டி.

அக்டோபர் கடைசியில் மாரத்தான் ஓட்டம் நடக்கும். ஓட்டக்காரர்களுக்காக அந்தப் பாதையில் இருக்கும் பாலங்களின் மேல் மரச் சாய்தளம் போடுவார்கள். ஓட்டம் முடிந்த பிறகும் சிலவற்றைச் சில மாதம் விட்டுவைப்பது உண்டு. உங்களுக்கு ஈஸ்டர், அதனால் உதவாது. குளிர்காலத்தில் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

6 மார்ச் 2025

டிக்கெட் கணக்கு கேட்டீர்கள். 75 நிமிடத்துக்கு ஒரு டிக்கெட் 9.50 யூரோ. பகல் கொள்ளைதான். உள்ளூர்க்காரர்களுக்கு வேறு விலை. ஒரு நாள் பாஸ் 25, இரண்டு நாள் 35, மூன்று நாள் 45. மூன்று தடவை ஏறினாலே ஒரு நாள் பாஸ் லாபம். குழந்தைகளோடு மூன்று தடவைக்குக் குறையாமல் ஏறுவீர்கள், சந்தேகமே வேண்டாம். ஆறு வயசுக்குக் கீழே இலவசம். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் சும்மா போகலாம்.

ஆறு ஆனதும் பெரியவர் விலை. அரை டிக்கெட் எல்லாம் கிடையாது. ஆனால் 6 முதல் 29 வயசு வரை ரோலிங் வெனிஸ் என்று ஓர் அட்டை இருக்கிறது. அட்டைக்கு 6 யூரோ, அதைக் காட்டினால் மூன்று நாள் பாஸ் 27. கல்லூரிப் பிள்ளைகளுக்கான சமாச்சாரம் என்று நினைத்துப் பாதிப் பேர் கேட்பதே இல்லை. ஏழு வயசுக் குழந்தைக்கும் கிடைக்கும்.

விமான நிலையத்திலிருந்து வருகிற அலிலகூனா படகு வேறு கம்பெனி, இந்தப் பாஸ் அதில் செல்லாது.

6 மார்ச் 2025, இரவு

அப்புறம், பகல் தூக்கம். சிறிசுகளுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கண் சொக்கும். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒன்றாம் எண் படகில் ஏறினால் கிராண்ட் கால்வாய் முழுக்க இந்தக் கரையும் அந்தக் கரையுமாக ஒட்டி ஒட்டிப் போய், ஊரின் பெரிய சதுக்கமான சான் மார்க்கோ சேர முக்கால் மணி நேரம் ஆகும். அவசரக்காரர்கள் இரண்டாம் எண்ணில் போவார்கள், நீங்கள் ஒன்றிலேயே போங்கள். இன்ஜின் சத்தத்தில் பெண் தூங்கிவிடும், நீங்கள் மாளிகைகளைப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் ரியால்டோ பாலத்தைக் கண் திறந்து பார்த்தவர்கள் பெரியவர்கள் மட்டும்தான்.

11 மார்ச் 2025

நுழைவுக் கட்டணம் பற்றி இங்கே நடக்கிற சண்டையைப் பார்த்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன். 2024-இல் சோதனையாகத் தொடங்கினார்கள், 29 நாட்களுக்கு. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை 54 நாட்கள், அதில் ஈஸ்டர் வாரம் வருகிறது. காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை ஊருக்குள் வருகிற பகல் விருந்தாளிகளுக்குத்தான் கட்டணம். முன்கூட்டிப் பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. பதினான்கு வயசுக்குக் கீழே கிடையாது. ராத் தங்குகிறவர்களுக்கும் கிடையாது, அவர்கள் ஓட்டலில் வேறு வரி கட்டுகிறார்கள். ஆனால் விலக்குக்கான குறியீட்டை இணையத்தில் பதிந்து வாங்கிக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். எதிரே நிலப்பகுதியில் இருக்கிற மெஸ்த்ரேவில் தங்கினாலும் விலக்கு உண்டு, அது வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது.

மெஸ்த்ரே மலிவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இருந்தாலும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் மெஸ்த்ரே சொல்ல மாட்டேன். சட்டை நனைந்தால், பால் தீர்ந்தால், பாத்ரூம் வந்தால் அறை பக்கத்தில் இருக்க வேண்டும். கன்னரேஜியோ பகுதியில் தேடுங்கள். ரயில் நிலையம் பக்கம், உள்ளூர்க்காரர்கள் வாழ்கிற தெருக்கள். சாவொர்ன்யான் பூங்காவில் ஊஞ்சலும் சறுக்கும் இருக்கின்றன. பழைய திரையரங்கு ஒன்றை சூப்பர் மார்க்கெட்டாக மாற்றியிருக்கிறார்கள். சித்திரம் எழுதின கூரைக்குக் கீழே நின்று டயாபர் வாங்கலாம்.

12 மார்ச் 2025

"படகு படகு என்கிறீர்களே, தண்ணீர் ஆபத்தில்லையா?" என்று கேட்டவருக்கு.

ஆபத்துதான். இதில் மழுப்பக் கூடாது. முதலில் நான் எழுதியதைப் படித்தால் கையை விட்டுவிடலாம் என்று தோன்றும். கார் விஷயத்தில் விடலாம், கரையோரத்தில் கூடாது. கால்வாய்க் கரைகள் பெரும்பாலானவற்றில் கைப்பிடிச் சுவர் கிடையாது. தெரு முடியும், தண்ணீர் தொடங்கும், அவ்வளவுதான். சில சந்துகள் நேராகக் கால்வாயில் போய் முடிகின்றன. ஓடி வருகிற பிள்ளைக்கு அங்கே நிற்க இடமில்லை. கன்னரேஜியோவில் கியோதோ பாலமும், தொர்ச்செல்லோ தீவில் பேய்ப்பாலம் என்று பெயர் வாங்கிய பாலமும் பக்கச் சுவரே இல்லாமல் பழைய பாணியில் நிற்கின்றன. படம் எடுக்க அழகு. பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் என்னை அதிகம் பயமுறுத்தியது கரை இல்லை, படிதான். படகு கட்டுவதற்காகத் தண்ணீருக்குள் இறங்குகிற கல்படிகள் ஊரெங்கும் இருக்கும். மேல் இரண்டு படி வெள்ளையாக, காய்ந்து, உட்கார வாகாகத் தெரியும். மூன்றாவதில் ஒரு பச்சைக் கோடு. அதற்குக் கீழே பாசி, வெண்ணெய் தடவின மாதிரி. நீர் வற்றிய நேரத்தில் அந்தப் பச்சைப் படிகள் வெளியே தெரியும், குட்டி நண்டுகள் ஓடும். நண்டைப் பார்த்த குழந்தை மூன்றாவது படிக்குப் போகாமல் இருக்குமா? எங்கள் வீட்டுச் சட்டம்: வெள்ளைக் கல்லில் நிற்கலாம், பச்சைக் கல்லில் கால் வைத்தால் அன்றைக்கு ஜெலாத்தோ (ஐஸ்கிரீம்) கிடையாது. தெருவில் நடக்கும்போது சின்னவர்கள் சுவர்ப் பக்கம், பெரியவர்கள் தண்ணீர்ப் பக்கம். பாட்டி நடுவில்.

12 மார்ச் 2025, இரவு

தொலைந்துபோவது பற்றி இரண்டு வரி. எல்லாரும் தொலைவார்கள். மஞ்சள் பலகையில் ரியால்டோவுக்கு அம்புக்குறி போட்டிருக்கும், சில இடத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் சரி. வீட்டு எண்கள் தெருவுக்கு இல்லை, ஆறு வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் வட்டாரம் முழுக்க ஓடுகிற ஒரு வரிசை, ஆயிரக்கணக்கில் போகும். முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் விடியும். பிள்ளையின் முன்கையில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

20 மார்ச் 2025

சான் மார்க்கோ எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டீர்கள். என் பதில் பலருக்குப் பிடிக்காது. காலை எட்டு மணிக்குப் போங்கள், பத்தரைக்கு வெளியே வந்துவிடுங்கள். வரிசை நீண்டதும் குழந்தைகள் கெட்டார்கள்.

மணிக்கூண்டு ஏறலாம். 98.6 மீட்டர் உயரம், லிஃப்ட் இருக்கிறது. மேலே போகும் முன் கதையைச் சொல்லிவிடுங்கள்: 1902 ஜூலை 14 அன்று அந்தக் கோபுரம் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. ஆள் யாரும் சாகவில்லை, காவலாளியின் பூனை மட்டும் போயிற்று என்பார்கள். அப்புறம் அதே இடத்தில் அதே மாதிரி எழுப்பி 1912-இல் திறந்தார்கள். என் மகளுக்கு வெனிஸ் என்றாலே இன்றைக்கும் அந்தப் பூனைதான். "பூனைக்குட்டிக்கு மட்டும் ஏன் சொல்லலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டி ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

தோஜே (பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்) அரண்மனையில் ஓவியங்களை நின்று பார்க்க விடமாட்டார்கள், உங்கள் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். ஆயுதக் கூடத்துக்கும் சிறைக்கும் நேராகப் போங்கள். பெருமூச்சுப் பாலத்தை வெளியே நின்று படம் எடுப்பதைவிட உள்ளே நடந்து கடப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சுவரில் சிங்க வாய் ஒன்று இருக்கும். குடியரசுக் காலத்தில் யார் மேலாவது புகார் இருந்தால் சீட்டு எழுதி அந்த வாய்க்குள் போடுவார்கள். என் மகன் தங்கையின் மேல் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தான், போட விடவில்லை.

புறாவுக்குத் தீனி போடுவது 2008 முதல் தடை. சதுக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தாலும் அபராதம் உண்டு. கடற்காகங்கள் கையில் இருக்கிற ரொட்டியைப் பறித்துக்கொண்டு போகும். 2021-இல் சில ஓட்டல்கள் விருந்தாளிகளுக்கு நீர்த்துப்பாக்கி கொடுத்ததாகச் செய்தி வந்ததே, அதை என் மகனிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

21 மார்ச் 2025

"இவ்வளவு தூரம் போய் பசிலிக்காவின் மொசைக்கைப் பார்க்காமல் வரச் சொல்கிறீர்களா?" பாருங்கள், தாராளமாக. ஒருவர் உள்ளே போக, ஒருவர் வெளியே பிள்ளைகளோடு கடிகாரக் கோபுரத்தின் உச்சியில் இரண்டு வெண்கல ஆட்கள் மணி அடிப்பதைப் பார்க்க, பிறகு ஆள் மாறிக்கொள்ளலாம். என்ன, தம்பதியாகச் சேர்ந்து பார்த்த கதை இருக்காது. நாங்கள் ஐரோப்பாவின் பாதி தேவாலயங்களைத் தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறோம்.

28 மார்ச் 2025

மழை வந்தால்? இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். கிராண்ட் கால்வாய்க் கரையிலேயே, துருக்கி வணிகர்கள் தங்கியிருந்த பழைய மாளிகையில். 1973-இல் நைஜர் பாலைவனத்துக்குப் போன குழு தோண்டிக் கொண்டுவந்த ஊரனோசாரஸ் என்கிற டைனோசரின் எலும்புக்கூடு முழுசாக நிற்கிறது. திமிங்கல எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குகிறது. நாங்கள் போன நாளில் கூட்டமே இல்லை. அதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை.

29 மார்ச் 2025

காசில்லாத விளையாட்டு ஏதாவது சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கிணறு.

பெரும்பாலான சதுக்கங்களில் (அங்கே காம்போ என்பார்கள்) நடுவில் செதுக்கின கல் விளிம்போடு ஒரு கிணறு இருக்கும், இரும்பு மூடி போட்டு. ஊரைச் சுற்றி உப்புத் தண்ணீர், தோண்டினால் நல்ல தண்ணீர் வராது. அதனால் மழைநீரைச் சேர்த்தார்கள். சதுக்கத்தின் தரை லேசாகச் சரிந்திருக்கும். கிணற்றைச் சுற்றி நான்கு மூலையிலும் ஓட்டை போட்ட வெள்ளைக் கற்கள் பதித்திருக்கும். மழைநீர் அந்த ஓட்டை வழியாக இறங்கி, மணலில் வடிகட்டி, நடுவில் கிணற்றுக்குள் ஊறும். 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் குடித்தது இதைத்தான்.

பிள்ளைகளிடம் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துத் தரையில் கொட்டச் சொல்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பின்னாலேயே போனால் ஓட்டைக் கல் வந்துவிடும். சில கிணறுகளின் அடியில் குழந்தையின் உள்ளங்கை அகலத்துக்குக் கல்லிலேயே ஒரு சின்னத் தொட்டி குடைந்திருப்பார்கள். நாய்க்கும் புறாவுக்கும். நின்றபடி பார்க்கிற நமக்கு அது கண்ணில் படாது. எங்கள் வீட்டு மூன்று வயசுக்காரிதான் கண்டுபிடித்தாள்.

இன்னொன்று, ரியால்டோ மீன் சந்தை. ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். சுவரில் ஒரு சலவைக்கல் பலகை: எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்ற பட்டியல். மத்தி 7, விலாங்கு 25. ஓர் அளவுநாடா எடுத்துப் போங்கள். என் மகன் தன் காலை அளந்து பார்த்து, தன்னை விற்கலாம் என்று அறிவித்தான்.

30 மார்ச் 2025

பந்து கொண்டுபோகலாமா என்றால், போகலாம். சான் போலோ, சான் ஜாக்கோமோ தெல்லோரியோ காம்போக்களில் பள்ளி விட்டதும் உள்ளூர்ப் பிள்ளைகள் விளையாடுவார்கள், உங்கள் பையனையும் சேர்த்துக்கொள்வார்கள். மொழி வேண்டாம். சான் சக்கரீயா தேவாலயம் பக்கம் 17-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது: இந்தச் சதுக்கத்தில் விளையாடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, மீறினால் கடும் தண்டனை. நானூறு வருஷமாக எவனும் கேட்கவில்லை என்று தெரிகிறது.

5 ஏப்ரல் 2025

சாப்பாடு. உணவகங்கள் ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள். குழந்தைகளுக்கு ஆறு மணிக்குப் பசி உயிர் போகும். பாக்கரோ என்கிற சின்ன ஒயின் கடைகளில் ஆறு மணிக்குக் கண்ணாடிப் பெட்டி நிறைய சிக்கெத்தி அடுக்கியிருப்பார்கள், ஒரு வாய்க்குச் சரியான துண்டு ரொட்டிகள், மேலே சீஸ், முட்டை, மீன். விரலைக் காட்டினால் எடுத்துத் தருவார்கள். நின்றுகொண்டே ஊட்டிவிடலாம். ஒயின் கடைக்குக் குழந்தையைக் கூட்டிப்போவதா என்று அம்மா முகம் சுளித்தார். பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி பேத்தியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சைவக்காரர்கள் கவனிக்க: ரிஸி எ பிஸி என்று அரிசியும் பச்சைப் பட்டாணியும் சேர்த்துக் குழைவாகச் செய்வார்கள். பட்டாணி வருகிற வசந்த காலத்துப் பண்டம், ஏப்ரல் 25 சான் மார்க்கோ திருநாளுக்குத் தோஜேவுக்குப் படைத்தது. நம் பிள்ளைகளுக்கு நாக்குக்குப் பழகினதுபோல இருக்கும். ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ தனியாகப் போட்டிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது உட்கார்ந்ததற்கு. பொதுக் கழிப்பறைக்கு ஒன்றரை யூரோ. தெருக்குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், இலவசம்.

7 ஏப்ரல் 2025

கொஞ்சம் தடம் மாறிப் போகிறேன். மார்க்கோ போலோ வீடு எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். ரியால்டோவுக்கு வடக்கே கோர்த்தே செகொந்தா தெல் மிலியோன் என்று ஒரு முற்றம், பழைய வளைவுகள் சில மிச்சம். வீடு தீயில் போய்விட்டது, அந்த இடத்தில் மாலிப்ரான் அரங்கு. பார்க்க ஒன்றுமில்லை, உண்மையிலேயே ஒன்றுமில்லை. ஆனாலும் நான் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். அந்த முற்றத்தில் வாழ்ந்த மனுஷன் நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், முத்துக் குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். சுறா வராமல் மந்திரம் போட ஆள் வைத்திருந்தார்களாம், அவர்களுக்கு இருபதில் ஒரு முத்து கூலியாம். மகன் உடனே கேட்டான்: "மந்திரம் பலிக்கலைன்னா கூலியைத் திருப்பிக் கொடுப்பாங்களா?" பாட்டி தூத்துக்குடிப் பக்கம் போன கதைகளை அந்த முற்றத்துப் படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அரண்மனையில் இருபது நிமிடம் தாங்காத பிள்ளைகள்.

9 ஏப்ரல் 2025

கொந்தொலா என்கிற கருப்புத் துடுப்புப் படகில் அவ்வளவு காசு கொடுத்து ஏற வேண்டுமா என்ற சர்ச்சைக்கு என் பங்கு. நகராட்சி வைத்த விலை பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 110. தலைக்கு இல்லை, படகுக்கு, ஐந்து பேர் வரை. ஏறும் முன் நேரத்தையும் விலையையும் பேசிவிடுங்கள். பாட்டு தனிக் காசு.

வேண்டாம் என்பவர்கள் ட்ரகெத்தோ என்கிற கரை கடக்கிற படகில் போகலாம். மீன் சந்தையிலிருந்து எதிர்க்கரை சாந்தா சோஃபியாவுக்கு, பெரிய கொந்தொலாவில் 2 யூரோ, இரண்டு மூன்று நிமிடம். உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே போவார்கள். நீங்கள் உட்காருங்கள்.

சாத்தெரே பக்கம் சான் த்ரொவாசோவில் கொந்தொலா பழுது பார்க்கிற பட்டறை இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள், கால்வாயின் இந்தக் கரையிலிருந்து பார்க்கலாம். குப்புறக் கவிழ்த்துக் கருப்புச் சாயம் பூசிக்கொண்டிருப்பார்கள். கவிழ்த்த படகை முனையிலிருந்து பார்த்தால் கோணலாகத் தெரியும். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். ஒரே துடுப்பை ஒரே பக்கம் போட்டும் படகு நேராகப் போவது அதனால்தான்.

10 ஏப்ரல் 2025

மேலே போட்டதற்குப் பிறகு வீட்டுக்காரர் படித்துவிட்டு, "நீ 90 யூரோ கொடுத்ததைச் சொல்லவில்லையே" என்கிறார். கொடுத்தோம். அம்மா ஆசைப்பட்டார். நன்றாகத்தான் இருந்தது.

2 மே 2025

திரும்பி வந்து விவரமாக எழுதியதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். பூரானோ தீவு வேண்டாம் என்று சொன்னவர்களை நம்பிப் போகாமல் விட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஃபொண்டமெந்தே நோவேயிலிருந்து பன்னிரண்டாம் எண் படகு, முக்கால் மணி நேரம், பாஸில் அடக்கம். வீட்டுக்கு வீடு வேறு நிறம். என் மகள் ஒவ்வொரு வாசலிலும் நின்று நிறம் சொல்லிக்கொண்டே தீவு முழுக்கத் தானாக நடந்தாள், தூக்கு என்று கேட்கவில்லை. மணிக்கூண்டு பீசா கோபுரம் கணக்காகச் சாய்ந்திருக்கிறது. அங்கிருந்து தொர்ச்செல்லோ பக்கம், அத்திலாவின் சிம்மாசனம் என்று ஒரு கல் நாற்காலி புல்வெளியில் கிடக்கும், ஏறி உட்காரலாம். அத்திலாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கண்ணாடி செய்கிற முரானோ தீவுக்கு நீங்கள் போகாததில் எனக்கு வருத்தமில்லை. கண்ணாடிக் கடைக்குள் இரண்டு வயசுக் குழந்தை என்பது வேண்டாத வேலை.

உங்கள் பையன் லிடோவில் இறங்கியதும் காரைப் பார்த்துக் குதித்தான் என்று எழுதியிருந்தீர்களே, எங்கள் வீட்டிலும் அதே. நாள் முழுக்கப் படகு பார்த்தவனுக்குக் கார் அதிசயமாகிவிட்டது.

19 அக்டோபர் 2025

இந்த இழை இன்னும் உயிரோடு இருக்கிறதா! நவம்பரில் போகப் போகிறவருக்கு: ஊர் மூழ்கும் என்று பயந்து ரத்து செய்யாதீர்கள். 2019 நவம்பர் 12 அன்று நீர்மட்டம் 187 சென்டிமீட்டர் வந்தது உண்மை, 1966-இன் 194-க்கு அடுத்தபடி. ஆனால் 2020 அக்டோபரிலிருந்து கடல் தண்ணீர் உள்ளே வருகிற வாயில்களில் மோசே என்கிற தூக்குத் தடுப்புகள் வேலை செய்கின்றன. 110 சென்டிமீட்டரைத் தாண்டும் என்று கணித்தால் தூக்கிவிடுவார்கள். அதற்குக் கீழே வந்தால் தூக்க மாட்டார்கள். சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று, அங்கே மட்டும் கணுக்கால் அளவு வரலாம். மேடை மாதிரி நடைபலகை போடுவார்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள், சின்னவர்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள்.

தேதியை மாற்ற முடிந்தால் நவம்பர் 21-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1630-இல் வந்த கொள்ளைநோய் ஒழிந்ததற்கு நேர்த்திக்கடனாகக் கட்டினது சலூத்தே கோயில். அதன் திருவிழாவுக்காகக் கிராண்ட் கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். ஊரே மெழுகுவர்த்தியோடு நடந்து போகும். கோயிலுக்குப் பின்னால் பலூன் கடை, மிட்டாய்க் கடை, எண்ணெயில் பொரித்த பலகாரக் கடை. தள்ளுமுள்ளு இருக்கும், மாலையைவிடக் காலையில் போவது நல்லது. ரப்பர் பூட்ஸ் ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே தெருவில் விற்கிற நெகிழிப் பை மாதிரியான காலுறை பெரியவர்கள் அளவில்தான் கண்ணில் பட்டது.